சங்குமுகத்துச் சிவப்பு ரத்த நண்டு

நான் ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானியாக இருந்திருக்கிறேன். அதிக நேரம் இல்லை, ஒரு கால் மணி நேரம் இருக்கலாம். (புகழும் உலகம் முழுக்கப் பரவவில்லை. திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருந்த ஒரு வாசகசாலை மண்டபத்தோடு நின்றுவிட்டது.) ஆனாலும் அந்தக் கால் மணி நேரம் நான் அனுபவித்த பெருமையை நிஜ விஞ்ஞானிகள் ஆயுசு முழுக்க அனுபவித்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சந்தேகம் என்ற ஒன்று கூடவே வந்து உயிரை வாங்கும். எனக்கு அது மருந்துக்குக்கூட இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் நடந்தது இது. கல்லூரியில் விலங்கியல் பிரிவில் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர் என்ற உத்தியோகம் எனக்கு. பெயர்தான் நீளமே தவிர, வேலை என்னவோ தவளைக்குக் குண்டூசி குத்துவதும், பையன்கள் போன பிறகு தட்டுகளை எண்ணி எடுத்து வைப்பதும்தான். அந்த வருஷத்தோடு அதுவும் முடிகிறது. ஸ்ரீவராகத்தில் அண்ணா வீட்டில் இருந்தேன். அண்ணாவுக்குக் கச்சேரியில், அதாவது சர்க்கார் ஆபீசில், குமாஸ்தா வேலை. தன் ஆபீசிலேயே எனக்கும் ஒரு நாற்காலி பேசி வைத்திருந்தார். பழைய காகிதக் கட்டுகளைத் தூசி தட்டி அடுக்குகிற வேலை. நினைத்தாலே எனக்குத் தும்மல் வரும்.

தப்பிக்க ஒரே வழி, காலியாகப் போகிற லெக்சரர் பதவி. அது எங்கள் புரொபசர் கையில் இருந்தது. கோட்டயம் பக்கத்துக் கிறிஸ்தவர், மீன் செதில்களில் கரை கண்டவர், நல்ல மனிதர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"எடோ, தவளையை அறுக்க ஆரும் அறுக்கும். லெக்சரர்னா ஆளுகளுக்குப் புரியும்படி பேசணும். உனக்கு அது பற்றுமோ?"

"முடியும் சார்."

"எங்கில் சரி, கோட்டைக்குள்ளே தமிழ் ஆளுகளோட வாசகசாலையில் ஒரு பிரசங்கம் செய். நான் வந்து அத்யக்ஷனாயிட்டு இருக்காம். நன்னாயிட்டு வந்தா, அந்த வேலைக்குத் உன் பேரை எழுதி அனுப்பாம்."

ஆக, தலைமையும் அவரே, சிபாரிசும் அவரே. ஒரு பிரசங்கத்துக்கு இந்தப் பக்கம் லெக்சரர், அந்தப் பக்கம் தூசி. "ரத்தமும் பிராணவாயுவும்" என்று தலைப்பு கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஒத்திகை பார்க்க எனக்குக் கிடைத்த சபை, அண்ணாவின் மனைவியான மன்னி ஒருத்திதான். மன்னி என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவள். வாய் மட்டும் இருபது வயது பெரியது. அவள் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்று, மகாஜனங்களைப் பார்ப்பதுபோல் பரணைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"நாம் இழுக்கிற மூச்சிலிருந்து பிராணவாயுவை உடம்பெல்லாம் தூக்கிக்கொண்டு போவது எது? ரத்தத்தில் இருக்கும் ஒரு சாயம். நம் ரத்தச் சாயத்தில் இரும்பு இருக்கிறது. அதனால் அது சிவப்பு."

"இரும்பா? அப்போ துருப்பிடிச்சுதான் செவப்பா இருக்குன்னு சொல்லு."

"மன்னி, குறுக்கே பேசாதீங்கோ. ஆனால் நண்டு, கணவாய் முதலிய பிராணிகளின் ரத்தச் சாயத்தில் இரும்பு இல்லை. தாமிரம் இருக்கிறது. காற்றுப் பட்டதும் அந்த ரத்தம் நீலமாகிவிடும்!"

நான் சற்று நிறுத்தினேன். இந்த இடத்தில் சபை பிரமித்துப் போக வேண்டும் என்பது என் ஏற்பாடு. மன்னி துருவலை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"இதுல என்ன ஆச்சரியம்? செப்புக்குடத்தைப் புளி போட்டுத் தேய்க்காம நாலு நாள் விட்டா களிம்பு பூத்து நீலமாத்தான் ஆறது. இதைத் தெரிஞ்சுக்கவா பீஸ் கட்டிப் படிச்சே?"

எனக்குக் கோபம் வந்தது. சில கடல் புழுக்களுக்குப் பச்சை ரத்தம் என்றேன். "புழுதானே, எப்படியும் இருந்துட்டுப் போட்டும்" என்றாள். கரப்பான்பூச்சியின் ரத்தத்துக்குப் பிராணவாயு சுமக்கிற வேலையே கிடையாது, உடம்பு பூராவும் காற்றுக் குழாய் ஓடுகிறது என்றேன். "அதான் நம்மாத்துல அதுக்கு அவ்வளவு சொகுசு" என்றாள். அன்றைக்குத் தீர்மானித்தேன், இந்தச் சனங்களுக்கு வெறும் பேச்சு போதாது, கண்ணால் காட்ட வேண்டும். உயிருள்ள நண்டைப் பிடித்து வந்து, மேடையிலேயே ரத்தம் எடுத்து, எல்லோரும் பார்க்க நீலமாக்கிக் காட்டுகிறேன்.

பிரசங்கத்துக்கு முதல் நாள் சங்குமுகம் கடற்கரைக்கு வாளியோடு போனேன். நண்டு விற்றவள் என் குடுமியையும் விபூதியையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாமிக்கு எதுக்கா? கறி வெக்கானோ?"

"இல்லை. பிரசங்கத்துக்கு."

அது என்ன பதார்த்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் இரண்டு நல்ல நண்டுகளாக எடுத்து, கால்களை ஓலையால் கட்டி, கடல் தண்ணீரில் விட்டுக் கொடுத்தாள். வாளியை வாழை இலையால் மூடிக்கொண்டு, கொலை செய்துவிட்டு வருகிறவன்போல் சுவர் ஓரமாகவே நடந்து வந்தேன். எங்கள் தெரு முனையில் எதிர்வீட்டு மாமா பிடித்துக்கொண்டார்.

"என்னடா அம்பி, வாளியில?"

"சமுத்திர ஜலம், மாமா." (இதில் பொய் எங்கே இருக்கிறது?)

"அப்படியா! புண்ணியம்டா!" என்று சொல்லி, இலையைக் கொஞ்சம் விலக்கி விரலை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே ஒரு நண்டு ஓலையைக் கரகரவென்று உரசியது. எனக்கு முதுகெல்லாம் வேர்த்தது.

கொல்லையில் கிணற்றுக்கு அந்தண்டை வாளியை வைக்க மன்னி சம்மதித்தாள். அண்ணாவுக்குத் தெரியக்கூடாது, வாளியைத் தொட்டால் நான் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று நிபந்தனைகள். அத்தனைக்கும் தலையாட்டினேன்.

மறுநாள் மத்தியானம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாளியைத் திறந்தேன். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. நண்டுகளும் ஒரு மாதிரி மஞ்சள் பூத்திருந்தன. பிரயாணக் களைப்பில் ஏதோ அசுத்தம் செய்துவிட்டன என்று முடிவு கட்டினேன். உயிருள்ள கடல் நண்டை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே அப்போதுதான். கல்லூரியில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஜாடியில் ஊறி வெளுத்துப் போனவை. மஞ்சள்தான் நண்டின் ஆரோக்கியமான நிறம்போல என்று நினைத்து, இரண்டையும் ஒரு சட்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. அதிலும் நண்டு வருகிறது என்று எப்படியோ சேதி பரவியிருந்தது. முன்வரிசையில் சாலைக் கடைத்தெருவின் மஞ்சள் மண்டிப் பிள்ளை உட்கார்ந்திருந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர், வாசகசாலையின் பெரிய மனிதர். ஒரு பக்கத்தில் பெண்கள். அங்கே மன்னி எதிர்வீட்டு மாமியோடு உட்கார்ந்திருந்தாள். மேடையில் புரொபசர் ரோஜாப்பூ மாலையும் மூக்குக் கண்ணாடியுமாகத் தலைமை தாங்கினார்.

மேஜை மேல் காபி கிளப்பில் இரவல் வாங்கிய கண்ணாடி டம்ளர்கள் மூன்று. இரண்டில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். ஒன்றில் நண்டு ரத்தத்தைக் கலக்க உப்புத் தண்ணீர். மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தன. (இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

முதல் காட்சி பிரமாதமாக நடந்தது. மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவைக் காட்டுவதற்காகப் பிள்ளையை மேடைக்கு அழைத்து, பப்பாளி இலைக் காம்பைக் குழலாகக் கொடுத்து, சுண்ணாம்புத் தண்ணீருக்குள் ஊதச் சொன்னேன். அவர் கன்னம் உப்ப ஊதினார். தண்ணீர் பாலாக வெளுத்தது.

"அடேயப்பா! எனக்கு மூச்சுல பாலு வருதே!" என்றார் பிள்ளை. மண்டபமே கைதட்டியது. ஊதாத தண்ணீர் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று இன்னொரு டம்ளர் சுண்ணாம்புத் தண்ணீரைத் தூக்கிக் காட்டிவிட்டு, பழைய இடத்தில் வைத்தேன். பழைய இடம் என்று நான் நினைத்த இடத்தில் வைத்தேன்.

பிறகு நண்டு. "மகாஜனங்களே! இதோ, உங்கள் கண் முன்னால், நீல ரத்தம்!" என்று முழங்கினேன். நண்டின் கால் மூட்டு ஒன்றைக் கத்தரித்து, உடம்பைச் சாய்த்து டம்ளரின் மேல் பிடித்தேன். ரத்தம் சொட்டியது. கூடவே செவுள் அறைக்குள் தேங்கியிருந்த தண்ணீரும் கொடகொடவென்று கொட்டியது. டம்ளரில் விழுந்ததெல்லாம் பளிச்சென்று சிவந்தது. சும்மா சிவப்பு இல்லை. குங்குமச் சிவப்பு.

"நீலம்னியேடா?" என்று அண்ணாவின் குரல் பின்வரிசையிலிருந்து வந்தது. (அண்ணாவுக்குத் தெரியாமல் நண்டு வளர்த்த லட்சணம் இது.)

அந்த நொடியில் ஒரு யோக்கியன் என்ன சொல்லியிருப்பான்? "எங்கோ பிசகிவிட்டது, மன்னியுங்கள், இன்னொரு தடவை செய்து பார்க்கலாம்" என்றிருப்பான். எனக்கோ கண் முன்னால் தூசி பிடித்த கட்டுகள் நின்றன. தோற்றுப் போக மாட்டேன் என்று மனசு அடம் பிடித்தது. அடம் பிடித்த மனசுக்குத் திடீரென்று இறக்கை முளைத்தது. புத்தகத்தில் நீலம் என்று போட்டிருக்கிறது. இங்கே சிவப்பாக இருக்கிறது. ஆகவே புத்தகம் தப்பு!

"மகாஜனங்களே!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "உலகத்தில் எந்த விஞ்ஞானியும் இதுவரை காணாத ஓர் அதிசயத்தை நீங்கள் இப்போது கண்டீர்கள். எல்லா ஊர் நண்டுக்கும் நீல ரத்தம். நம் சங்குமுகத்து நண்டுக்கு மட்டும், மனிதனைப்போல், இரும்புச் சத்துள்ள சிவப்பு ரத்தம்! இந்தக் கண்டுபிடிப்பு இன்றைக்கு இந்த மேடையில் நிகழ்ந்திருக்கிறது!"

புரொபசர் எழுந்து வந்தார். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மனுஷர் வாழ்நாள் முழுக்க மீன் செதில் எண்ணியவர். ஒரு அதிசயத்துக்காக எத்தனை வருஷம் காத்திருந்தாரோ, பாவம்.

"எடோ, இது சத்தியமாணோ? நண்டுக்கு நம்முடைய ரத்தமோ! மெட்ராஸுக்கு இப்பத்தன்னே தந்தி அடிக்கணும். லண்டனில் எனக்கு ஒரு சிநேகிதன் உண்டு, அவனுக்கும் எழுதணும்!"

சொல்லிவிட்டு, தமக்குப் போட்டிருந்த ரோஜா மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நான் மாலையும் நண்டுமாக நின்றேன். லெக்சரர் பதவியெல்லாம் எனக்கு அற்பமாகப் பட்டது. அந்த நண்டு இனத்துக்கு என் பெயரை எப்படிச் சேர்த்து வைப்பார்கள் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு.

"ஆரத்தி மாதிரின்னா இருக்கு?" என்றாள் எதிர்வீட்டு மாமி, பக்கத்தில் இருந்தவளிடம். களுக்கென்று ஒரு சிரிப்பு. இன்னொரு சிரிப்பு.

"பெண்கள் பகுதியில் தயவுசெய்து அமைதி!" என்று அதட்டினேன். "இங்கே விஞ்ஞானம் நடந்துகொண்டிருக்கிறது."

புரொபசர் வாசகசாலைக் குமாஸ்தாவைக் கூப்பிட்டுத் தந்தி வாசகம் சொல்ல ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில்தான் மன்னி எழுந்து நின்றாள். ஆண்கள் இருக்கிற சபையில் அவள் வாயைத் திறந்ததே இல்லை. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முகம் வெளிறி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அம்பி, தந்தி அடிக்க வேண்டாம்னு அவர்கிட்டே சொல்லு. அது ரத்தம் இல்லே. கார்த்தால நான் அந்த வாளியில மஞ்சப்பொடி போட்டேன்."

"மஞ்சள்பொடியா? எதுக்கு?"

"ஒரே நாத்தம். அதோட, சபைக்குப் போறதுகளாச்சே, மங்களகரமா இருக்கட்டுமேன்னுதான்…"

நான் விடவில்லை. விஞ்ஞானி விடுவானா? மாலையைச் சரி செய்துகொண்டு, ஒரு புன்னகையோடு கேட்டேன். "மன்னி, மஞ்சள்பொடி போட்டால் மஞ்சளாக அல்லவா இருக்க வேண்டும்? சிவப்பு எங்கிருந்து வந்ததாம்?"

பெண்கள் பக்கம் முழுவதும், சின்னக் குழந்தைகள் உள்பட, ஒரே குரலில் கத்தியது:

"சுண்ணாம்பு!"

நான் மெதுவாகத் திரும்பி மேஜையைப் பார்த்தேன். உப்புத் தண்ணீர் டம்ளர் ஒரு சொட்டுக் குறையாமல் அங்கேயே இருந்தது. காணாமல் போயிருந்தது ஊதாத சுண்ணாம்புத் தண்ணீர்.

பூணூலில், பிறந்த நாளில், ஊருக்குப் போய்த் திரும்பினால், பரீட்சை தேறினால் என்று எத்தனை ஆரத்தி எனக்கு எடுத்திருக்கிறார்கள்! அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வோர் ஆணுக்கும் அப்படித்தான். ஒருத்தனாவது அதைக் கண்டுபிடித்தானா? நாங்கள் ஆரத்தி வாங்கிக்கொண்டவர்கள். கரைத்தவர்கள் இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று தெரிய ஒரு தடவையாவது தட்டில் கை வைத்திருக்க வேண்டும்.

புரொபசருக்கு ஆரத்தி என்றால் என்னவென்றே தெரியாது. "எந்தா? எந்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவருக்கு மண்டிப் பிள்ளை மேடையேறி விளக்கினார். விளக்கியதோடு நிற்காமல் டம்ளரைத் தூக்கிச் சபைக்குக் காட்டினார்.

"இது நம்ம கடை மஞ்சளாக்கும்! பாத்தியளா நெறத்தை? ஒரு சிட்டிகைக்கே இந்தச் செவப்பு!"

அதற்குப் பிறகு மண்டபத்தில் எழுந்த சிரிப்பை நான் வர்ணிக்கப் போவதில்லை. கழுத்தில் மாலை இருந்தது. அதைக் கழற்றிவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. பூமியோ சிமெண்டுத் தரை.

சிரித்து முடித்ததும் சனங்கள் கலைந்து போனார்கள்; அண்ணாவும் அவர்களோடு போய்விட்டார். புரொபசர் மட்டும் போகவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு, இன்னொரு நண்டைத் தாமே எடுத்து நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, காய்ந்த டம்ளரில் ரத்தம் எடுத்தார். கலங்கிய கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. லேசாக ஆட்டிக் காற்றுப் பட விட்டோம். கொஞ்சம் கொஞ்சமாக, ஆகாசத்து நிறத்தில், நீலம் வந்தது. அத்தனை கூட்டத்துக்காக நான் ஏற்பாடு செய்த நீலத்தைப் பார்க்க மிஞ்சியது புரொபசர், பிள்ளை, மன்னி, நான்.

மன்னி எட்டிப் பார்த்தாள்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா அந்தச் செவப்பு இன்னும் எடுப்பா இருந்துது" என்றாள்.

புரொபசர் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு என்னிடம் சொன்னார். "எடோ, டம்ளர் மாறிப் போகும். அது ஆர்க்கும் வரும். ஆனால் தப்பைக் கண்டுபிடிப்புன்னு விளிச்சுக் கூவினியே, அது லெக்சரருக்குப் பற்றாது. ஒரு வருஷம் கழியட்டே. அந்த ஸ்திரீக்கு இங்கிலீஷ் தெரியுமெங்கில் இப்பத்தன்னே வேலை கொடுப்பேன்."

மன்னி என்னோடு வீட்டுக்கு நடந்து வந்தாள். எனக்கு அவள் மேல் ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. வீட்டு வாசலில் நின்று கேட்டாள்.

"நான் வாயை மூடிண்டு இருந்திருக்கணுமோ, அம்பி? உன் வேலை போயிடுத்தே."

அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் என் ஆத்திரம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "நீங்கோ பேசலேன்னா லண்டன்ல சிரிச்சிருப்பா மன்னி. இப்போ நம்ம தெருதானே சிரிக்கிறது" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

தெரு ஒரு வருஷம் சிரித்தது. அந்த ஒரு வருஷமும் நான் அண்ணாவின் ஆபீசில் கட்டுகளை அடுக்கித் தும்மினேன். அடுத்த வருஷம் புரொபசர் சொன்ன சொல் தவறாமல் கூப்பிட்டு அனுப்பினார். லெக்சரர் உத்தரவு கையில் வந்த அன்று வீட்டுக்குத் திரும்பினால், வாசலில் மன்னி ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் சிவப்பாகப் பொட்டு வைத்துவிட்டு, என் காதருகே குனிந்து சொன்னாள்:

"மஞ்சளும் சுண்ணாம்பும்தான், அம்பி. லண்டனுக்கு எழுதிப் போட்டுடாதே."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு ஆரத்தி எடுத்தாலும், என் கல்யாணம் முதல் பேரக் குழந்தைகளின் புண்யாகவாசனம் வரை, கடைசிச் சுற்று முடிந்ததும் யாராவது ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொல்லியாக வேண்டும். போன வருஷம் என் கடைசிப் பிள்ளைக்குக் கல்யாணமாயிற்று. மருமகள் கும்பகோணத்துப் பெண், சாது. வாசலில் ஆரத்தி சுற்றி முடித்ததும் மன்னி, பல் போன வாயோடு, "லண்டனுக்கு எழுதிப் போட்டுடாதே" என்றாள். மருமகள் அதை எங்கள் குல வழக்கத்து மந்திரம் என்று நினைத்துக்கொண்டாள்போல. கண்ணை மூடிக் கை கூப்பி, பயபக்தியோடு பதில் சொன்னாள்.

"எழுதிப் போடலே."